அளந்து பார்த்த குறையும் மறைத்து வைத்த நோயும்

ஓமலூரை அடுத்த காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்துக்கு வந்துபோகும் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் ஏடிஆர் 72 ரகத்தைச் சேர்ந்தவை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு புரொபெல்லர்கள், எழுபதைச் சுற்றி இருக்கைகள். 2018 மார்ச்சில், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் சென்னை–சேலம் சேவை மறுபடி தொடங்கியபோது வந்து இறங்கியதும் இதே ரகம்தான். ஓடுபாதையின் நீளம் 1,806 மீட்டர். அதில் இறங்குவதற்கு முந்தைய கடைசி அரை நிமிடம் விமானி அறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இடப்பக்க இருக்கையில் கேப்டன் இருக்கிறார். அவருடைய இடது கை, யோக் எனப்படும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. வலது கை, இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களின் மேல் இருக்கிறது. இரண்டு பாதங்களும் சுக்கான் பெடல்களில். தரை நெருங்கும்போது யோக்கை மெல்ல இழுத்து விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டும். கூடவே விசையையும் குறைக்க வேண்டும். விமானிகள் இதை ஃபிளேர் என்கிறார்கள். இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் ஒரே சமயத்தில் வேலை இருக்கும் சில விநாடிகள் அவை.

அந்தச் சில விநாடிகளுக்குள் கேப்டனின் இடது கை கழன்றுவிட்டால்?

அப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் சிட்டி விமான நிலையத்துக்கு ஒரு ஃபிளைபி விமானம் வந்துகொண்டிருந்தது. டேஷ் 8 க்யூ400 ரகம். நம் ஏடிஆரைப் போலவே இரட்டைப் புரொபெல்லர் விமானம். பயணிகள் 47 பேர். கேப்டனுக்கு இடது முழங்கைக்குக் கீழே செயற்கைக் கை. அதை யோக்கில் பொருத்தியிருந்த ஒரு கிளாம்பில் மாட்டிப் பூட்டிக்கொண்டுதான் அவர் விமானம் ஓட்டுவார். அன்று காற்று பலமாக, விட்டுவிட்டு மோதிக்கொண்டிருந்தது. விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட்டை விடுவிக்கும் முன் கை சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஆனாலும் ஃபிளேர் செய்யும் அதே நொடியில் கை கிளாம்பிலிருந்து விடுபட்டுவிட்டது.

துணை விமானியிடம் ஒப்படைக்கலாமா என்று அந்தக் கணத்தில் யோசித்திருக்கிறார். ஆனால் நிலைமையைப் புரிந்துகொள்ளத் துணை விமானிக்குச் சில விநாடிகள் ஆகும். அந்த விநாடிகள் கையில் இல்லை. எனவே நெம்புகோலிலிருந்து வலது கையை எடுத்து யோக்கைப் பிடித்தார். விசை குறையாமல் இருந்ததால் விமானம் தரையைத் தொட்டு ஒருமுறை எகிறி, பிறகு பலமாக இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இதை விசாரித்து அந்த ஆண்டே அறிக்கை வெளியிட்டது. இனிமேல் பூட்டை இன்னும் கவனமாகச் சரிபார்ப்பதாகவும், இப்படி நடக்கக்கூடும் என்று உடன் பறக்கும் துணை விமானிகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதாகவும் கேப்டன் தெரிவித்திருந்தார். செய்தி வெளியானதும் உலகெங்கும் ஒரு கேள்வி எழுந்தது: கை இல்லாதவரை ஏன் பயணிகள் விமானம் ஓட்ட விட்டார்கள்? பயணி கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விமான மருத்துவம் சொல்லும் பதில் பலர் எதிர்பார்ப்பதிலிருந்து வேறுபட்டது.

நிலையான குறை, திடீர் ஆபத்து

விமானியின் உடலை மருத்துவர்கள் இரண்டு கேள்விகளால் அளக்கிறார்கள். முதல் கேள்வி: இவரால் வேலையைச் செய்ய முடிகிறதா? இரண்டாவது: செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று செய்ய முடியாமல் போகுமா?

கை இழந்தவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருடைய குறை நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றே. அதைச் சோதித்துப் பார்க்கலாம். சோதித்த முடிவு அடுத்த மாதமும் செல்லும். மாரடைப்பு, வலிப்பு, சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது போன்றவை இரண்டாவது கேள்விக்கு உரியவை. மருத்துவர் முன் நிற்கும்போது ஆள் முழு ஆரோக்கியமாகத் தெரிவார். பிரச்சினை நடுவானில் வரும்.

1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடென்ட் விமானம் மேலெழுந்த சில நிமிடங்களில் ஸ்டெயின்ஸ் என்ற ஊருக்கு அருகே விழுந்தது. 118 பேர் இறந்தனர். மேலெழும்போது இறக்கையின் முன்விளிம்புப் பகுதி, போதுமான வேகம் வருவதற்கு முன்பே உள்ளிழுக்கப்பட்டிருந்தது. கேப்டனுக்குக் கைகால்கள் நலமாக இருந்தன. மருத்துவத் தகுதிச் சான்றும் இருந்தது. பிரேதப் பரிசோதனையில்தான் அவருடைய இதய இரத்தக் குழாய்கள் மோசமாக அடைபட்டிருந்தது தெரிந்தது. அவர் மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வலியில் கவனமும் தீர்மானிக்கும் திறனும் குறைந்திருந்தாலே போதும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாத இப்படிப்பட்ட அரைச் செயலிழப்புதான் விமான மருத்துவர்கள் மிகவும் பயப்படும் ஒன்று.

சரியாக 37 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூன் 18 அன்று, பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூயார்க் அருகேயுள்ள நெவார்க்குக்கு 247 பயணிகளோடு பறந்த கான்டினென்டல் விமானத்தில் கேப்டன் அட்லான்டிக் கடலின் மேல் உயிரிழந்தார். மற்ற விமானிகள் விமானத்தை வழக்கம்போல் கொண்டுபோய் இறக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் விமானப் போக்குவரத்து நிறையக் கற்றிருந்தது. விமானிகளுக்கு இன்று சொல்லித்தரப்படும் ஒரு விதி எளியது: பக்கத்து விமானியை இரண்டு முறை அழைத்தும் சரியான பதில் வராவிட்டால், அவர் செயலிழந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்.

நூறு கோடியில் ஒன்று

விமானியின் உடல் எந்த அளவுக்கு நம்பகமானதாக இருந்தால் போதும்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1980களில் ஐரோப்பிய இதய மருத்துவர்களும் விமான மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியது. ஒரு சதவீத விதி என்பார்கள். இரண்டு விமானிகள் ஓட்டும் விமானத்தில், ஒரு விமானி ஓர் ஆண்டுக்குள் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கு மேல் போகாவிட்டால் அவரைப் பறக்க அனுமதிக்கலாம் என்பது அந்த விதி.

நூற்றில் ஒன்று என்றால் அதிகமாகத் தோன்றும். சேலம்–சென்னை போல ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம்; சுலபமாக இருக்கப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று என்பது, ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்திலும் உண்மையில் ஆபத்தானவை மேலெழும்பும், தரையிறங்கும் ஆறு நிமிடங்கள்தான். பத்தில் ஒரு பங்கு. மற்ற நேரம் உயரமும் அவகாசமும் இருக்கும். ஆக, ஒரு கோடியில் ஒன்று. அந்த ஆறு நிமிடத்திலேயே கேப்டன் செயலிழந்தாலும் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். அவரும் நிலைமையைக் காப்பாற்றத் தவறுவது நூற்றில் ஒருமுறை என்று வைத்தால், பேரழிவுக்கான வாய்ப்பு நூறு கோடி மணி நேரத்தில் ஒன்று. விமானத்தின் எந்த ஒரு பாகமும் பழுதாகிப் பேரழிவு வருவதற்கு வடிவமைப்பாளர்கள் அனுமதிக்கும் உச்ச வரம்பும் ஏறத்தாழ இதுவே.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஆபத்தே இல்லாத உடல் என்று எதுவும் கிடையாது. ஐம்பத்தைந்து வயதில் கைகால் நலமாக உள்ள விமானிக்கும் இதயம் ஓர் ஆபத்தை வைத்திருக்கிறது. பாதுகாப்பு என்பது ஆபத்தை அளந்து, வரம்புக்குள் நிறுத்தி, மீறினால் தாங்கிக்கொள்ள இன்னொரு கையைத் தயாராக வைத்திருப்பது. பெல்ஃபாஸ்டில் நடந்ததை இந்தக் கண்ணோடு பார்த்தால் சரியான கேள்வி தெரியும்: கிளாம்ப் எத்தனை முறைக்கு ஒருமுறை கழலும்? கழன்றால் துணை விமானி எத்தனை விநாடியில் எடுத்துக்கொள்வார்? இரண்டுமே அளக்கக்கூடியவை. கிளாம்பைத் திருத்தி அமைக்கலாம். துணை விமானிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். அடைபட்ட இதயக் குழாயிடம் அப்படி எதுவும் பேசிவைக்க முடியாது.

கையை எப்படி அளப்பது?

நாமக்கல்லிலோ சேலத்திலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு, பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரோடு ஓர் இளைஞர் லைசென்ஸுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போலியோவில் கால் எவ்வளவு சூம்பியிருக்கிறது என்பது மருத்துவச் சான்றில் இருக்கும். ஆய்வாளர் பார்க்க வேண்டியது வேறு: இந்த வண்டியை இவர் ஓட்டுகிறாரா, பிரேக் பிடித்தால் நிற்கிறதா, திருப்பத்தில் தடுமாறுகிறாரா. விமானத்திலும் தத்துவம் இதேதான். அளவுகோல் மட்டும் பல மடங்கு கடுமையானது.

பயணிகள் விமானத்தின் வடிவமைப்பு விதிகளில் விமானி செலுத்த வேண்டிய பலத்துக்கே உச்ச வரம்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. மூக்கைத் தூக்கவோ இறக்கவோ ஒரு கையால் சிறிது நேரத்துக்குச் சுமார் 23 கிலோ. இரண்டு கையாலும் என்றால் சுமார் 34 கிலோ. சுக்கான் பெடலில் காலால் சுமார் 68 கிலோ. தினசரிப் பறத்தலில் இதில் சிறு பங்குதான் தேவைப்படும். ஆனால் மேலெழும்பும்போது ஒரு எஞ்சின் நின்று விமானம் ஒரு பக்கம் இழுத்தால், அதை நேராக வைக்கக் கால் பெடலைப் பலமாக மிதித்தே ஆக வேண்டும். செயற்கைக் கால் அந்த மிதியைத் தாங்குமா, பாதம் பெடலிலிருந்து நழுவுமா, பெடலின் மேல்பகுதியை அழுத்திப் பிரேக் பிடிக்க வருமா? இவற்றைச் சிமுலேட்டரில் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்தி, செய்துகாட்டச் சொல்லி அறியலாம்.

சோதனை அத்தோடு முடிவதில்லை. தலைக்கு மேல் உள்ள சுவிட்சுகளை எட்டுகிறாரா? புகை வந்தால் ஆக்சிஜன் முகமூடியைச் சில விநாடிகளில் மாட்டுகிறாரா? நாளின் கடைசிப் பயணத்தில், களைத்த பிறகும் இதையெல்லாம் செய்கிறாரா? விபத்து நடந்தால் பயணிகளை வெளியேற்ற உதவ வேண்டியவரும் விமானிதான். விமானி அறைச் சன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டியும் வரலாம். முடியுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் உண்டு. 'இல்லை' என்று வந்தால் அனுமதி கிடையாது. இரக்கத்தால் அந்தப் பதிலை மாற்றக் கூடாது. மனச்சாய்வால் சோதனையையே மறுக்கவும் கூடாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியும் இதையே சொல்கிறது. எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் உள்ள குறை, பாதுகாப்பாகப் பறப்பதற்கு இடையூறாக இருக்குமா என்பதே அதன் அளவுகோல். அமெரிக்காவில் நிலையான குறை உள்ளவர்களை விமானத்திலேயே சோதித்து, செய்துகாட்டிய திறனுக்கான சான்று தருகிறார்கள். பிரிட்டனில் சில விமானிகளின் சான்றில், தகுதியுள்ள இன்னொரு விமானியோடு மட்டுமே பறக்கலாம் என்ற கட்டுப்பாடு எழுதப்படுகிறது.

கால் இல்லாமல் பறந்தவர்கள்

சோவியத் புத்தகங்கள் படித்து வளர்ந்த தலைமுறைக்கு 'உண்மை மனிதனின் கதை' நினைவிருக்கும். அந்த நாவலுக்கு மூலமான அலெக்சேய் மரேஸ்யெவ் 1942 வசந்தத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டு, பனிக்காட்டில் 18 நாட்கள் ஊர்ந்து மீண்டவர். இரண்டு கால்களும் வெட்டப்பட்ட பிறகு 1943இல் மறுபடி போர் விமானம் ஓட்டினார். பிரிட்டனின் டக்ளஸ் பேடர் 1931இல் சாகசம் செய்யும்போது விழுந்து இரண்டு கால்களையும் இழந்தவர். இரண்டாம் உலகப் போரில் செயற்கைக் கால்களோடு பறந்து சண்டையிட்டார். கைகளே இல்லாமல் பிறந்த அமெரிக்கரான ஜெசிக்கா காக்ஸ் 2008இல் சிறு விமான உரிமம் பெற்றார். அவர் ஓட்டியது எர்கூப் என்ற பழைய ரகம். சுக்கான் பெடல் இல்லாமலே வடிவமைக்கப்பட்ட விமானம் அது. பெடல் மிதிக்கும் வேலை இல்லாததால் அவருடைய பாதங்கள் கைகளின் வேலையைச் செய்ய முடிந்தது.

இவர்களை நான் போற்றுகிறேன். ஆனால் போர்க்காலத் தேவையில் ஒற்றை ஆள் விமானம் ஓட்டியதும், தனக்காகச் சிறு விமானம் ஓட்டுவதும், எழுபது பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தகுதியாகிவிடாது. இவர்கள் நிரூபித்தது ஒன்றுதான்: உடலைப் பார்த்த மாத்திரத்தில் 'முடியாது' என்று சொல்வது அறிவியல் இல்லை. முடியுமா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

கோழிக்கோடு சொல்லும் பாடம்

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில் கோழிக்கோடு ஓடுபாதையின் பாதித் தூரத்தைத் தாண்டிய பிறகே தரையைத் தொட்டு, பாதை முடிந்து பள்ளத்தில் விழுந்தது. இரண்டு விமானிகள் உள்பட 21 பேர் இறந்தனர். இந்திய விபத்துப் புலனாய்வு அமைப்பின் அறிக்கை, நடைமுறை விதிகளைப் பின்பற்றாததை முக்கியக் காரணமாகச் சொன்னது. துணைக் காரணங்களில் இன்னொன்றும் இருந்தது. கேப்டன், பரிந்துரைக்கப்படாத பல சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் இரத்தச் சர்க்கரை லேசாக இறங்கி, சிக்கலான முடிவெடுக்கும் திறன் நுட்பமாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. மறைந்தவர் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. ஒரு விமானி தன் நோயை அமைப்பின் முழுப் பார்வைக்கும் வைக்காமல் தானே சமாளிக்க வேண்டிய நிலை வந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவம் பிரிட்டனில் கிடைத்தது. 2012இலிருந்து அங்கே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் விமானிகளுக்கும் கட்டுப்பாடுகளோடு வணிக விமானம் ஓட்டச் சான்று தருகிறார்கள். பறப்பதற்கு முன்னும், பறக்கும்போது மணிக்கொரு முறையும், இறங்குவதற்குச் சற்று முன்பும் சர்க்கரை அளவைப் பார்த்துப் பதிய வேண்டும். பிரிட்டனிலும் இதே நடைமுறையைப் பின்பற்றிய அயர்லாந்து, ஆஸ்திரியாவிலும் 49 விமானிகள் 22,078 மணி நேரம் பறந்தபோது எடுத்த 38,621 அளவீடுகளை ஆராய்ந்தார்கள். 97.69 சதவீதம் பாதுகாப்பான பச்சை வரம்புக்குள் இருந்தன. மிகக் குறைவு என்ற சிவப்பு வரம்புக்குப் போனவை 0.12 சதவீதம்தான். சர்க்கரை நோய் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே எல்லாரும் பார்க்க அளக்கப்பட்டது. இங்கே அளக்கப்படாமல் போனது.

கடுமையான விதி மட்டுமே பாதுகாப்பைத் தராது என்பது இதில் தெளிவாகிறது. நோயைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் விமானிகள் சொல்ல மாட்டார்கள். சொன்னவரை முடிந்தவரை தக்கவைத்து, நிபந்தனையோடு பறக்கவிடும் அமைப்புக்குத்தான் எல்லா விமானிகளின் உடல்நிலையும் உண்மையாகத் தெரியவரும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

இது தொலைதூர விஷயம் இல்லை. 2022இல் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க இந்திய விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களுள் சேலமும் ஒன்று. லாரிப் பட்டறைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் இருக்கின்றன. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். செலவு பல பத்து லட்சம். பணம் கட்டும் முன் முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், அடுத்து முதல் வகுப்புச் சான்றும் பெற்றுவிடுங்கள். முதல் வகுப்புப் பரிசோதனை செய்யும் மையங்களில் ஒன்று, விமானப்படையின் வான்–விண்வெளி மருத்துவ நிறுவனம், பக்கத்திலேயே பெங்களூரில் இருக்கிறது. பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள். பழைய எலும்பு முறிவு, சிறு வயதில் வந்த வலிப்பு, கண் அறுவைச் சிகிச்சை, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது. விமானத்தில் அந்த வசதி சலுகையாக இருக்க வேண்டியதில்லை. சோதனையாக இருந்தால் போதும். கையோ காலோ குறைந்த ஒருவர் விண்ணப்பித்தால், அவரைச் சிமுலேட்டரில் உட்கார வைத்து, எஞ்சினை நிறுத்தி, செய்துகாட்டச் சொல்லும் வெளிப்படையான நடைமுறையும், தேறினால் எந்த நிபந்தனையோடு பறக்கலாம், தேறாவிட்டால் ஏன் முடியாது என்று எழுத்தில் தரும் பதிலும் வேண்டும். நோயைத் தாமாக வந்து சொல்லும் விமானிக்கு, அவர் வேலைக்குத் திரும்பும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணியின் உயிருக்கு இந்த இரண்டும் தேவை.